டைவர்ஜென்ட்: ஐந்து கிண்ணங்களில் உங்கள் ரத்தம் எதில் விழும்?

கொக்கரக்கோ | ஞாயிறு, இரவு 10.40

அக்கா மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு லீவுக்கு வந்திருக்கிறாள். இன்று என்னைப் பிடித்து உட்காரவைத்து 'டைவர்ஜென்ட்' போட்டாள். 2014-ல் வந்தபோதே பார்த்த படம்தான். அப்போது "ரயிலிலிருந்து குதிக்கிறார்கள், மொட்டைமாடியிலிருந்து குதிக்கிறார்கள், சரி" என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு பதினாறு வயது உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, இந்தத் தடவை வேறு படமாகத் தெரிந்தது.

பார்க்காதவர்களுக்காக: போருக்குப் பிறகு மிஞ்சிய சிகாகோ. சுற்றிலும் வேலி. உள்ளே இருக்கிறவர்களைக் குணத்தை வைத்து ஐந்து பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். தன்னலம் பார்க்காதவர்கள் அப்னெகேஷன், சாம்பல் நிற உடுப்பு. அறிவாளிகள் எரூடைட். துணிச்சல்காரர்கள் டான்ட்லெஸ். உண்மை பேசுகிறவர்கள் கேண்டர். சண்டை சச்சரவு வேண்டாம் என்று வயலில் உழைக்கிறவர்கள் அமிட்டி. எதிலும் சேராதவர்கள் தெருவில். பதினாறு வயதில் ஒரு சோதனை. மறுநாள் ஊர் முன்னால் உள்ளங்கையைக் கீறி, தான் விரும்பும் பிரிவின் கிண்ணத்தில் ரத்தத்தைச் சொட்ட வேண்டும். பெற்றவர்களின் பிரிவை விட்டுப் போனால் போனதுதான். சோதனையில் ஒரே பிரிவுக்குள் அடங்காதவர்கள்தான் 'டைவர்ஜென்ட்'; அது வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. அம்மா மகளுக்கு முடி வெட்டிவிடுகிறாள். எதிரே கண்ணாடி. வெட்டி முடித்ததும் சுவரில் இருக்கும் பலகையை இழுத்துக் கண்ணாடியை மூடிவிடுகிறாள். சாம்பல்காரர்கள் வீட்டில் முகம் பார்ப்பதே அகங்காரம். அந்தப் பெண், பியாட்ரிஸ், மூடுவதற்குள் ஒரு நொடி தன்னைப் பார்த்துக்கொள்கிறாள். "நான் யார்" என்று இரண்டு மணி நேரம் ஓடப்போகிற படத்துக்கு அந்த ஒரு நொடி போதும் என்று தோன்றியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படம் முடிந்ததும் இவள் கேட்டாள்: "மாமா, என்னை எதுல போடுவீங்க?" நான் யோசிக்காமல் "எரூடைட்" என்றேன். நல்ல மார்க் எடுக்கிற பிள்ளை, பாராட்டுகிறோம் என்ற நினைப்பு. முகம் சுண்டிவிட்டது. "எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்று எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரம் பதினொன்றாம் வகுப்புக்கு எந்த குரூப் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் குரூப் என்று வீட்டில் ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று. அவளைத் தவிர.

நான் சொன்னதில் என்ன தப்பு? படம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


பனங்கிழங்கு | ஞாயிறு, இரவு 11.05

அண்ணே, தப்பு உங்கள் மேல் இல்லை, படத்தின் மேல்தான். பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தடவிக் கொடுக்கவென்றே எடுத்த படம் இது. "நீ எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்க மாட்டாய், நீ அபூர்வம்" என்று சொன்னால் எந்தப் பதினாறு வயது வேண்டாம் என்கும்? நாயகி மட்டும் மூன்று பிரிவுக்குப் பொருந்துவாளாம், மற்ற எல்லாரும் ஒரே ஒரு குணத்தோடு வாழும் மரப்பாச்சிகளாம். ஒரே மனிதன் காலையில் உண்மை பேசி மதியம் பயப்பட்டுச் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவுகிறான். இதில் அதிசயம் என்ன? வில்லும் அம்புமாக ஒரு பெண் வந்த படம் ('ஹங்கர் கேம்ஸ்') ஓடியது, அதே சூட்டில் இதையும் சுட்டார்கள்.


மஞ்சள்பை | திங்கள், காலை 6.20

பனங்கிழங்கு தம்பி, அவசரப்படுகிறீர்கள். வியாபாரச் சூடு இருந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் மூலக்கதையை எழுதிய வெரோனிகா ராத் அதைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது எழுதினார். சிகாகோவுக்கு வடக்கே, ஒட்டினாற்போல் இருக்கும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில். நாவல் 2011-ல் வெளியானபோது அவருக்கு 22 வயது. தானே எங்கே போய்ச் சேர்வது என்று தெரியாத வயதில் ஒருத்தி எழுதிய கதை. அந்தப் பதற்றம் பொய்யில்லை.

"நீ அபூர்வம்" என்று படம் சொல்கிறது என்கிறீர்கள். நான் பார்த்த படத்தில் அந்தப் பெண் அபூர்வமாக இருப்பதை ஒரு காட்சியில்கூடக் கொண்டாடவில்லை. முதல் நொடியிலிருந்தே மறைக்கிறாள். சோதனை நடத்துகிற டோரி, முடிவைப் பார்த்ததும் வெலவெலத்துப் போய், அப்னெகேஷன் என்று கையாலேயே பதிவு செய்துவிட்டு, "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லு" என்று பின்வாசல் வழியாக அனுப்புகிறாள். பரிசு வாங்கியவளை அனுப்புகிற மாதிரியா இருக்கிறது அது? தொற்றுநோய்க்காரியை அனுப்புகிற மாதிரி.

எனக்கு இந்தப் படத்தின் உயிரே கண்ணாடித் தொட்டிதான். டான்ட்லெஸ் பயிற்சியில் ஊசி போட்டு ஒவ்வொருவரையும் அவரவர் பயத்துக்குள் தள்ளுவார்கள். (உளவியல் வகுப்பில், பயப்படும் பொருளுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தும் சிகிச்சையைப் பற்றிப் படித்ததிலிருந்து வந்த யோசனை இது என்று ராத்தே சொல்லியிருக்கிறார்.) டான்ட்லெஸில் சேர்ந்து ட்ரிஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பியாட்ரிஸ் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் மாட்டிக்கொள்கிறாள், தண்ணீர் ஏறுகிறது. மற்றவர்கள் என்றால் அடிப்பார்கள், உதைப்பார்கள், மூச்சு முட்டுவார்கள். இவள் "இது நிஜமில்லை" என்று புரிந்துகொண்டு கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டுகிறாள். விரிசல் விட்டு உடைந்துபோகிறது.

அடுத்து என்ன நடக்கிறது? பயிற்சி தருகிற ஃபோர் அவளைப் பாராட்டவில்லை. டான்ட்லெஸ்காரி எவளும் இப்படித் தப்பிக்க மாட்டாள் என்று எச்சரிக்கிறான். அதற்குப் பிறகு அவள் கற்றுக்கொள்வது தைரியத்தை இல்லை, மற்றவர்கள் மாதிரிச் செய்வது எப்படி என்பதை. அவளுக்கு விடை தெரியும். ஆனால் விடைத்தாளில் எல்லாரும் எழுதுகிற வழிமுறையில் எழுதினால்தான் உயிரோடு இருப்பாள்.

வகுப்பில் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டு முடித்துவிட்டு "ஸ்டெப் எங்கே?" என்று அடி வாங்கியவர்கள் இந்தக் குழுவில் எத்தனை பேர்? கை தூக்குங்கள். நான் முதல் ஆள்.


சிகாகோ_குளிர் | திங்கள், காலை 7.15

இந்த ஊரில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். அதனால் எனக்குப் படத்தில் கதையைவிடப் பின்னணிதான் கண்ணில் படும். மிச்சிகன் ஏரி வற்றிச் சதுப்பாகக் கிடக்கிறது என்று காட்டுவார்கள் பாருங்கள், அது எங்களுக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி. கடல் மாதிரி அடிவானம் வரைக்கும் நீலமாக இருக்கும் தண்ணீர் அது. 'எல்' என்று நாங்கள் சொல்கிற மேம்பால ரயில் நிஜத்தில் வளைவுக்கு வளைவு கிறீச்சிட்டுக்கொண்டு நகரும். அதில் ஓடிப்போய்த் தொற்றி ஏறுவதெல்லாம் படத்துக்குத்தான். ஜனவரி பனியில் நடைமேடையில் நேராக நிற்பதே டான்ட்லெஸ் வேலை. கொடி பிடிக்கிற விளையாட்டில் ட்ரிஸும் ஃபோரும் ஏறுகிற ராட்டினம் நேவி பியரில் இருப்பது. படம் வந்த காலத்தில் நின்றிருந்ததைக் கழற்றிவிட்டு 2016-ல் இன்னும் உயரமாக வேறொன்று வைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரைப் பிரித்து வைப்பது இங்கே கற்பனை இல்லை. 1930-களில் அரசாங்கமே வரைபடம் போட்டு, கறுப்பர்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு அடித்து, "இங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து" என்று குறித்து வைத்தது. அந்தக் கோடுகள் அழிந்து பல காலம் ஆகியும், தெற்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் அதன் தழும்போடுதான் இருக்கின்றன. ரயிலில் வடக்கிலிருந்து தெற்கே போனால் பெட்டியில் இருக்கும் முகங்கள் நிறுத்தத்துக்கு நிறுத்தம் மாறும். கிண்ணமும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். இவ்வளவு சிகாகோவைப் படத்தில் காட்டிவிட்டு இதைத் தொடாமலே போனது எனக்குக் குறைதான்.


பனங்கிழங்கு | திங்கள், மதியம் 1.30

மஞ்சள்பை அக்கா, தொட்டிக் காட்சியை ஒத்துக்கொள்கிறேன். நானும் கை தூக்குகிறேன். ஆனால் மூன்றாவது பாகம் வரைக்கும் பார்த்தீர்களா?

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போங்கள்.)

வேலிக்கு வெளியே போனதும் என்ன தெரிகிறது? சிகாகோவே ஒரு பரிசோதனைக்கூடம். ஒரு காலத்தில் மனிதர்களின் மரபணுவைத் திருத்தப் போய்க் கெடுத்துவிட்டார்களாம். அதைச் சரிசெய்யத் தலைமுறை தலைமுறையாக ஊரையே அடைத்து வைத்திருக்கிறார்களாம். 'டைவர்ஜென்ட்' என்றால் மரபணு சுத்தமானவள். மற்றவர்கள் பழுதானவர்கள். அவ்வளவுதான்!

மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்காதே என்று ஆரம்பித்த கதை, ஐந்து கட்டத்தை அழித்துவிட்டு இரண்டு கட்டம் போட்டு நிற்கிறது. அதுவும் ரத்த சுத்தம்! அந்தப் பிரிவினை தப்பு என்று கதை சண்டை போடத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அவளுடைய தனித்தன்மைக்குக் காரணம் பிறப்பு என்று சொன்ன பிறகு, முதல் படத்தில் அவள் பட்ட பாடு எல்லாம் எதற்கு? ஜனங்களும் கைவிட்டுவிட்டார்கள். முதல் இரண்டு படங்களும் உலகம் முழுக்க ஆளுக்கு 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்தன. 2016-ல் வந்த மூன்றாவது 18 கோடிகூடத் தொடவில்லை. நான்காவதைத் தியேட்டருக்கு வேண்டாம், டிவிக்கு எடுக்கலாம் என்று பேசி, கடைசியில் எடுக்கவே இல்லை. திரையில் இந்தக் கதைக்கு முடிவே கிடையாது.


நெறியாளர் | திங்கள், மதியம் 1.42

எச்சரிக்கை போட்டதற்கு நன்றி. புத்தகத்தின் கடைசி முடிவை மட்டும் யாரும் போட வேண்டாம், கொக்கரக்கோவின் மருமகள் இன்னும் படிக்கவில்லையாம்.


மஞ்சள்பை | திங்கள், மாலை 5.55

மூன்றாவதைப் பற்றி உங்களோடு சண்டை இல்லை. நான் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனக்கு முதல் படம் மட்டும்தான் படம். அதில் சோதனை ஒன்று சொல்கிறது, பிள்ளை வேறொன்றை எடுக்கிறாள், சட்டம் அதை ஒத்துக்கொள்கிறது. ஊரே ஐந்து பிரிவாக இறுகிக் கிடக்கும்போது அந்த ஒரு நிமிஷம் மட்டும் கத்தி அவள் கையில் இருக்கிறது. இடது பக்கம் அப்னெகேஷனின் சாம்பல் நிறக் கற்கள் இருந்தன என்று வையுங்கள், வலது பக்கம் டான்ட்லெஸின் கனல். கை நடுவில் நிற்கிறது. அண்ணன் கேலப் அவளுக்கு முந்தி எரூடைட் கிண்ணத்துக்குப் போய்விட்டான். இவளும் போனால் வீட்டில் பிள்ளையே மிஞ்சாது. அவளுக்கு அது தெரியும். ரத்தம் கனலில் விழுந்து சுர்ரென்கிறது. அம்மா அப்பாவின் முகத்தை அப்போது பார்த்தீர்களா?


தேக்கா_வாசி | திங்கள், இரவு 9.10

இந்த இழையைக் காலையிலிருந்து ரயிலில் வரும்போதும் போகும்போதும் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

சிங்கையில் எங்களுக்குப் பன்னிரண்டு வயதில் கிண்ணம் வைப்பார்கள். பி.எஸ்.எல்.இ. என்கிற தொடக்கப்பள்ளி முடிவுத் தேர்வு. அந்த மதிப்பெண்ணை வைத்து விரைவுநிலை, வழக்கநிலை (ஏட்டுக்கல்வி), வழக்கநிலை (தொழில்நுட்பம்) என்று மூன்றாகப் பிரித்து உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் காலத்தில் அதற்கு முன்னாலேயே, நாலாம் வகுப்பு முடிவில் ஒரு பிரிப்பு இருந்தது: இ.எம்.1, இ.எம்.2, இ.எம்.3. நான் இ.எம்.3, அதாவது கடைசிப் பிரிவு. பிறகு வழக்கநிலை (தொழில்நுட்பம்). படத்தில் மாதிரிக் கத்தியை என் கையில் யாரும் கொடுக்கவில்லை. காகிதத்தில் வந்தது, அம்மா கையெழுத்துப் போட்டார்.

மஞ்சள்பை அக்கா சொன்ன தொட்டியை நான் வேறு மாதிரி அனுபவித்திருக்கிறேன். வீட்டில் பாட்டிக்குக் கண் தெரியாது. தினமும் சாயங்காலம் தமிழ் முரசை நான்தான் சத்தமாக வாசித்துக் காட்டுவேன், மரண அறிவிப்பு வரைக்கும். பள்ளியில் எங்களுக்கு இருந்தது அடிப்படைத் தமிழ். ஒருநாள் ஆசிரியர் படத்தைப் பார்த்து நான்கு வரி எழுதச் சொன்னார். நான் ஒரு பக்கம் எழுதிவிட்டேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு "யாரைப் பார்த்து எழுதினாய்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு நான்கு வரிதான் எழுதுவேன். அதிலும் ஒரு 'ழ'வை வேண்டுமென்றே 'ல' ஆக்கி வைப்பேன். வாழைப்பழம் எப்போதும் வாலைப்பலம்தான். அப்போதுதான் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் ஐ.டி.இ. என்கிற தொழிற்கல்விக் கழகம், அப்புறம் வேலை. இப்போது மின்தூக்கி பழுதுபார்க்கிறேன். புளோக் புளோக்காகப் போய் மேலே ஏறி, கேபிளைப் பார்த்து, கீழே இறங்குவது. எனக்குப் பிடித்த வேலை, குறையாகச் சொல்லவில்லை. ஆனால் "நீ எதற்குப் பொருத்தம்" என்று அந்தக் காகிதம் சொன்னது சரியாகிவிட்டது பார்த்தாயா என்று யாராவது சொன்னால் மட்டும் கோபம் வரும். அது சொன்னதால் வந்தேனா, எனக்குப் பிடித்து வந்தேனா என்று இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

இ.எம். பிரிப்பை 2008-ல் எடுத்தார்கள். 2024-ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து அந்த மூன்று பிரிவின் பெயர்களும் இல்லை. ஒரே வகுப்பில் கலந்து உட்கார்ந்து, கணக்கை ஒரு நிலையிலும் தமிழை இன்னொரு நிலையிலும் எடுக்கலாம். என் மகன் அந்த ஆண்டுதான் சேர்ந்தான். எனக்கு அப்போது இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.


ரைன்கரை | செவ்வாய், அதிகாலை 2.05

தேக்கா_வாசி, வாசித்து முடிய நித்திரை வரேல்லை. இங்கே ஜெர்மனியில இன்னும் முந்தி. நாலாம் வகுப்போட, பத்து வயசில. கிம்னாசியம் (பல்கலைக்கழகத்துக்குப் போற வழி), ரியால்சூலே (நடுத்தரம்), ஹவுப்ட்சூலே (கீழ்நிலை) என்று வகுப்பு ரீச்சர் சிபாரிசு எழுதித் தருவா. என்ர மகளுக்கு ரியால்சூலே என்று எழுதினவா. எங்கட மாநிலத்தில கடைசி முடிவு தாய் தகப்பன்ட கையில, அதால நாங்கள் கிம்னாசியத்திலதான் சேர்த்தம். ரெண்டு வருஷம் பிள்ளை பட்ட பாடு கொஞ்சமில்லை. இப்ப சமாளிக்கிறாள். ஆனா போன மாசம் ஒருநாள், "அம்மா, நான் இஞ்ச வந்தது எனக்காகவா, உங்களுக்காகவா?" என்று கேட்டாள். ரத்தம் அவளின்ர, கத்தி எங்கட கையில இருந்திருக்கு.


சும்மா_இருப்பவன் | செவ்வாய், காலை 11.20

எல்லாரும் ஐந்து கிண்ணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கிண்ணமே இல்லாதவர்களைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. முதல் படத்தில் 'பிரிவில்லாதவர்கள்' என்பதைத் தவிர அவர்களுக்கு ஒரு பெயர்கூட இல்லை. கிழிசல் கோட்டோடு தெருவில் உட்கார்ந்திருப்பார்கள், சாம்பல்காரர்கள் வந்து சாப்பாடு கொடுப்பார்கள். பயிற்சியில் தோற்றால் இந்தக் கதிதான் என்று மற்றவர்களை மிரட்டுவதற்கு மட்டும் படத்துக்கு அவர்கள் தேவை.

நான் பொறியியல் மூன்றாவது வருஷத்தில் வெளியே வந்தவன். அதற்குப் பிறகு கேட்டரிங், கொரியர், ஒரு பதிப்பகத்தில் பொட்டலம் கட்டுகிற வேலை, இப்போது அச்சகம். கல்யாண வீடுகளில் "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்பவரிடம் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் வேறு ஆளிடம் போய்விடும். அந்த ஊரில் பேருந்து ஓட்டுவதும் குப்பை அள்ளுவதும் துணி நெய்வதும் பிரிவில்லாதவர்கள்தான் என்று நாவலில் வரும். அதாவது ஊரே அவர்கள் முதுகில் ஓடுகிறது, ஆனால் 'வீணாய்ப் போனவர்கள்' என்று அவர்களுக்குத்தான் பெயர். அந்த ஒரு வரிக்காகவே நாவலைப் படமெடுத்தவர்களைவிட எழுதியவரை எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு விஷயம், இதுவும் யாரும் சொல்லவில்லை. படத்தின் கடைசியில் ஊசி போட்டு ஒரு பிரிவையே பொம்மைப் படையாக்கிச் சாம்பல்காரர்களைக் கொல்ல அனுப்புகிறார்களே, எந்தப் பிரிவை? துணிச்சல்காரர்களை. "பயமே இல்லை" என்று ரயிலில் தொங்கியவர்கள்தான் வரிசையாக, கண்ணைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு, துப்பாக்கியோடு நடக்கிறார்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிவதைத் தைரியம் என்று பழக்கிவிட்டால் ஊசியே தேவையில்லை, படத்தில் போடுகிறார்கள்.


பனங்கிழங்கு | செவ்வாய், மதியம் 12.02

இந்தக் கடைசிப் பத்திக்காக மறுபடி பார்க்கப் போகிறேன். என் கட்சி மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். படம் சுமார்தான், இழை நன்றாக இருக்கிறது.

கொக்கரக்கோ அண்ணே, இழையைத் திறந்துவிட்டு எங்கே போய்விட்டீர்கள்? பிள்ளை என்ன குரூப் எடுத்தாள்?


கொக்கரக்கோ | செவ்வாய், இரவு 9.30

இங்கேதான் இருக்கிறேன், படித்துக்கொண்டே இருந்தேன். தேக்கா_வாசி, உங்கள் பதிவை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். வாலைப்பலம் வந்த இடத்தில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது.

இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை, வெள்ளி வரைக்கும் நேரம் இருக்கிறது. நேற்று ராத்திரி மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது அவளிடம் கேட்டேன். "அன்னிக்கு எரூடைட்னு சொன்னது தப்பு. நீயே சொல்லு, எதுல போடணும் உன்னை?" என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஃபோர் முதுகில் ஐந்து பிரிவின் சின்னத்தையும் பச்சை குத்தி வைத்திருப்பானே, அதுதான் படத்திலேயே தனக்குப் பிடித்த இடம் என்றாள். "அதுக்காக நான் பச்சை குத்திக்கப் போறேன்னு அம்மாகிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க" என்றும் சொன்னாள். வரலாறு படிக்கவும் ஆசை, உயிரியல் படிக்கவும் ஆசை. இரண்டும் ஒரே குரூப்பில் அவள் பள்ளியில் கிடையாது. அக்கா இப்போது பக்கத்தில் வேறு பள்ளி ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கிறது. விசாரிக்கிற அளவுக்கு வந்ததே பெரிது.

சும்மா_இருப்பவன், உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துணியை மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்: "மாமா, எல்லாரும் கையைக் கீறி ரத்தத்தைச் சொட்டிட்டுப் போயிடறாங்க. அப்புறம் அந்தக் கிண்ணத்தையெல்லாம் யாரு கழுவுவாங்க?"

நான் சாம்பல்காரர்கள்தான் கழுவுவார்கள் என்றேன். இல்லை என்கிறாள்.